சவுதி சுகாதார அமைச்சக நர்ஸ் வேலை: தேர்வாகிவிட்டேன், இனி எந்தக் காகிதம் முதலில்?

குற்றாலச்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். சவுதி சுகாதார அமைச்சக மருத்துவமனைகளுக்கு ஆள் எடுத்த நேர்காணலில் ஸ்டாஃப் நர்ஸாகத் தேர்வாகியிருக்கிறேன். நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகத்தான் விண்ணப்பித்தேன். பி.எஸ்சி. நர்சிங், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைப் பட்டம், இப்போது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ.வில் வேலை. புரோமெட்ரிக் என்கிற உரிமத் தேர்வையும் எழுதித் தேறிவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் டிக்கெட் எப்போது என்று கேட்கிறார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும் அதற்கு நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று. டேட்டாஃப்ளோ என்கிற சான்றிதழ் சரிபார்ப்பு, பல்கலையின் உண்மைத்தன்மைச் சான்று, மாநில அரசின் சான்றொப்பம், வெளிநாட்டில் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில், நர்சிங் கவுன்சிலின் குட் ஸ்டாண்டிங் சான்று, வளைகுடாவுக்கான வாஃபித் மெடிக்கல், விசா, கைரேகை, இ-மைக்ரேட் என்கிற குடிபெயர்வுப் பதிவு, காப்பீடு. இதில் எது எதற்கு முன்னால் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பட்டச் சான்றிதழில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேம் கட்டத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை எல்லாச் சான்றிதழும் லேமினேஷன் போட்டது. மருத்துவமனையில் எச்.ஆர்., வேலையை விட்டு நோட்டீஸ் காலம் முடிந்தால்தான் அனுபவச் சான்று தருவேன் என்கிறார். இதற்கு நடுவில் ஒருவர் போன் செய்து, ஒன்றரை லட்சம் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார், என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை.

ராஜினாமா எப்போது கொடுப்பது, எதை முதலில் தொடுவது? போய்ச் சேர்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அபஹா அக்கா:

வாழ்த்துகள் ம்மா. முதலில் அந்த ஒன்றரை லட்சக்காரரின் போனை எடுக்காதே. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வரிசை கேட்டாய் இல்லையா, அதற்கு ஒரே ஒரு விதிதான் இருக்கிறது. இன்னொருவர் உட்கார்ந்து பதில் எழுதினால்தான் நகரும் என்கிற காகிதத்தை முதலில் தொடு, தேதி காலாவதியாகிற காகிதத்தைக் கடைசியில் தொடு. உன் பட்டியலை இப்படிப் பிரித்துப் பார், தானாக வரிசை வந்துவிடும். டேட்டாஃப்ளோ, பல்கலையின் உண்மைத்தன்மை, கவுன்சில் சான்று, அனுபவச் சான்று எல்லாம் பிறர் கையில் இருப்பவை, இவற்றில் உன் அவசரம் யாருக்கும் தெரியாது. மெடிக்கலுக்கு ஆயுள் குறைவு, அதைச் சீக்கிரம் எடுத்து வைத்தால் விசா வரும் நேரத்தில் செத்துப் போயிருக்கும், மறுபடி பணம் கட்டி எடுக்க வேண்டும். நிறைய பெண்கள் தேர்வான மகிழ்ச்சியில் மெடிக்கலுக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள், கையில் உடனே ஒரு ரிப்போர்ட் கிடைக்கிறதே என்று.

டேட்டாஃப்ளோ என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். நீ ஏற்றிய சான்றிதழை அவர்கள் நம்புவதில்லை, அதைக் கொடுத்தவரிடமே கேட்கிறார்கள். பட்டத்துக்குப் பல்கலை, பதிவுக்கு மயிலாப்பூரில் இருக்கும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில், அனுபவத்துக்கு மருத்துவமனை. மூன்று பேரும் பதில் போட வேண்டும். பதில் வந்து பொருந்தினால் பாசிட்டிவ். பொருந்தாவிட்டால் நெகட்டிவ். பதிலே வராவிட்டால் 'சரிபார்க்க இயலவில்லை' என்று போட்டு மூடிவிடுவார்கள், அதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். மருத்துவமனையில் அந்த மெயிலைப் பார்த்தவர் ஸ்பாம் என்று அழித்திருப்பார், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அதனால் எச்.ஆரிடம் நேராகப் போய், இப்படி ஒரு மெயில் வரும், என் பெயர் இது, சேர்ந்த தேதி இது, பதில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வா. எந்த மெயில் ஐடிக்கு வர வேண்டும் என்றும் கேட்டு வாங்கு. ஜிமெயில், யாஹூ கொடுத்தால் வேண்டாம் என்று சொல், மருத்துவமனையின் சொந்த டொமைன் முகவரிதான் வேண்டும்.

அனுபவச் சான்று விஷயத்தில் அவர் உன்னைக் குழப்புகிறார், அல்லது அவருக்கே தெரியவில்லை. வேலையை விட்ட பிறகு தருவது ரிலீவிங் ஆர்டர். நீ கேட்பது சர்வீஸ் சர்டிஃபிகேட். 'இந்தத் தேதியிலிருந்து இன்று வரை எங்களிடம் பணிபுரிகிறார்' என்று எழுதித் தருவதற்கு யாரும் ராஜினாமா கேட்க வேண்டியதில்லை. வங்கிக் கடனுக்கு என்று கேட்டால் தருவார்கள் தானே, அதே காகிதம்தான். அதற்கும் இழுத்தால் நர்சிங் சூப்பரின்டென்டன்டைப் பிடி.

ராஜினாமா பற்றி ஒரே வார்த்தை: விசா கையில் வரும்வரை மூச்சு விடாதே.

முத்திரைத்தாள்:

சென்னையில் சான்றொப்ப வேலைதான் என் தொழில், அதனால் லேமினேஷன் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

லேமினேஷன் போட்ட சான்றிதழை எந்த அரசு அலுவலகமும் சான்றொப்பத்துக்கு வாங்காது. காரணம் எளிது, பின்பக்கத்தில் சீல் குத்த வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், அப்போஸ்டில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், பிளாஸ்டிக்கின் மேல் எதுவும் நிற்காது. நம் ஊரில் பிள்ளை பாஸ் ஆனதும் சான்றிதழைப் பத்திரமாக வைக்கிறோம் என்று முதலில் செய்வதே இதைத்தான். அப்பா அம்மா பாசத்தில் செய்தது, யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் இதைப் படிக்கிற மாணவர்கள் தயவுசெய்து இனி போடாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் வைத்தால் போதும்.

இஸ்திரிப் பெட்டி வைத்து உரிக்கலாம் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். வேண்டவே வேண்டாம். சூட்டில் மை பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வந்துவிடும், பல்கலையின் சீல் பாதியாக நிற்கும். உரித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், பழைய தடிமனான தாள் என்றால் வந்துவிடும், ஆனால் பட்டச் சான்றிதழில் அந்தச் சூதாட்டம் எதற்கு? டூப்ளிகேட் பட்டத்துக்குப் பல்கலையிலேயே விண்ணப்பியுங்கள். கிண்டியில்தான் பல்கலை இருக்கிறது, அதே நேரத்தில் உண்மைத்தன்மைக்கும் மனு கொடுத்துவிடலாம். இன்றே ஆரம்பிக்க வேண்டிய வேலை இது. அக்கா சொன்ன விதிப்படி பார்த்தாலும் முதல் வரிசையில் வருவது இதுதான்.

அடுத்து வரிசை. பல்கலை உண்மைத்தன்மை உறுதிசெய்த பிறகு மாநில அரசின் சான்றொப்பம், அது முடிந்து வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். படி தாண்ட முடியாது. அப்போஸ்டிலுக்கு அமைச்சகத்தின் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், அமைச்சகம் நியமித்த சேவை நிறுவனங்கள் வழியாகக் கொடுக்க வேண்டும், அவர்களுக்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு. இதற்கே ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அலைச்சலுக்குக் கூலி வாங்குவது வேறு, அரசுக் கட்டணமே அவ்வளவு என்று பொய் சொல்வது வேறு.

முன்பெல்லாம் அமைச்சகம் முடித்து, டெல்லியில் சவுதி கலாச்சாரப் பிரிவு, பிறகு தூதரகம் என்று காகிதம் ஊர் சுற்றும். சவுதி அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்து 2022 டிசம்பர் 7 முதல் அது அமலுக்கு வந்துவிட்டது. இந்தியா 2005-லிருந்தே அதில் இருக்கிறது. இன்னும் பழைய பாதைக்குப் பணம் கேட்டால், உங்கள் தேர்வுக் கடிதத்தில் அது எழுதியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.

பெயர் விஷயம். இனிஷியலும் விரிவான பெயரும் வேறுபடுவது தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் இது வரும். இருவரும் ஒருவரே என்று நோட்டரி அபிடவிட் ஒன்று எடுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கும் பக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். எழுத்தே மாறியிருந்தால்தான் சிக்கல். ஒன்றில் டி.எச்., இன்னொன்றில் வெறும் டி., கல்யாணமாகி கணவர் பெயர் சேர்த்தது, எண்கணிதத்துக்காக ஒரு எழுத்து கூட்டியது, இதற்கெல்லாம் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும். எண்கணிதம் பார்ப்பவர்கள் பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

புதுகை 98:

எல்லாரும் வரிசையைப் பற்றியே பேசுகிறீர்கள், அடிப்படைக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நான் பட்டதாரி. என் பாஸ்போர்ட் ஈ.சி.என்.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்ற வகை. இன்ஜினியர் அதே பாஸ்போர்ட்டோடு ரியாத்துக்கு நேராகப் போகிறான். நர்ஸ் என்றால் மட்டும் அனுமதி வேண்டும், அரசு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது என்ன நியாயம்? வயசுக்கு வந்த, படித்த பெண்ணுக்கு எங்கே வேலை பார்ப்பது என்று தெரியாதா? தனியார் ஏஜென்சி வழியாக மூன்று மாதத்தில் போயிருப்பேன், இப்போது காத்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் போகிற சம்பளம் யார் தருவார்கள்?

கன்னியாகுமரி காற்று:

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, காத்திருக்கிற மாதங்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. ஆனால் அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித்தில் மாட்டிய 46 நர்சுகள் மீட்கப்பட்டு கொச்சியில் வந்து இறங்கினார்கள், அதில் ஒருவர் நம் தூத்துக்குடிப் பெண். போகும்போதே கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டியவர்கள் அவர்களில் நிறைய. அடுத்த வருடம், 2015-ல், குவைத் சுகாதார அமைச்சகத்துக்கு நர்ஸ் எடுத்த ஒரு கொச்சி ஏஜென்சி மேல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. வாங்க வேண்டியது 19,500 ரூபாய், வாங்கியது 19.5 லட்சம் என்பது குற்றச்சாட்டு. அதுவும் அமைச்சக வேலைதான், அரசு வேலைதான். அரசு வேலை என்ற பெயருக்குத்தான் அவ்வளவு விலை வைக்க முடிந்தது.

அதே 2015-ல்தான் சவுதி, குவைத், கத்தார் உட்பட குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குப் போகிற நர்சுகள், ஈ.சி.என்.ஆர். பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், அனுமதி பெற வேண்டும், மாநில அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று வந்தது. கேரளத்துக்கு நோர்க்கா ரூட்ஸ், ஒடேபெக், நமக்கு இந்த அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இது 1978-லிருந்தே இருக்கிறது.

நான் சவுதியில் ஜிசானில் வேலை பார்க்கிறேன். இங்கே எங்கள் வார்டில் கடனோடு வந்தவர்கள், கடனில்லாமல் வந்தவர்கள் இரண்டு பேரையும் பார்க்கிறேன். சார்ஜ் நர்ஸ் திட்டினால் கடன் இல்லாதவர் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லலாம். கடன் உள்ளவர் எதையும் சொல்ல முடியாது, விடுமுறையிலும் டியூட்டி கேட்பார். சேவைக் கட்டணத்துக்குச் சட்டம் வைத்த வரம்பு 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு மேல் யார் கேட்டாலும், ரசீது தந்தாலும் தராவிட்டாலும், அது சட்டத்துக்கு வெளியே இருக்கிற பணம். சாரல், உங்களுக்குப் போன் செய்தவர் கேட்ட ஒன்றரை லட்சத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

புதுகை 98:

கடன் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்புக்காக ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தால் அந்தக் கதவில் கூட்டம் நகர வேண்டும். எந்த நிலையில் ஃபைல் இருக்கிறது என்று மெசேஜ் வருகிற ஏற்பாடு கூட இல்லாமல் காத்திருக்கச் சொல்வது பாதுகாப்பில் சேராது.

அபஹா அக்கா:

அதில் உன் பக்கம்தான் நான். கேள், எழுதிக் கேள், மெயிலில் கேள். போனில் கேட்டால் பதிலுக்குச் சாட்சி இல்லை.

மணப்பாறை அப்பா:

என் மகளும் இதே நேர்காணலில் தேர்வாகியிருக்கிறாள். எனக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் குறைவு, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது, அங்கே போனதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்கிறார்களே, உண்மையா? ஒப்பந்தம் அரபியில் இருக்குமாமே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இ-மைக்ரேட், காப்பீடு என்று பதிவு செய்வதால் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு? ஒரு ஆபத்து என்றால் நாங்கள் யாரிடம் போவது? அரசு வேலை என்றால் நம் ஊர் அரசு வேலை போல நிரந்தரம்தானா?

அபஹா அக்கா:

ஐயா, நீங்கள் கேட்டதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நிரந்தரம் இல்லை. ஒப்பந்த வேலை, காலம் முடிந்ததும் இரண்டு பக்கமும் விரும்பினால் புதுப்பிப்பார்கள். இப்போது அமைச்சக மருத்துவமனைகளை வட்டாரவாரியாக 20 சுகாதாரக் குழுமங்களாகப் பிரித்திருக்கிறார்கள், அதனால் ஒப்பந்தத்தில் அமைச்சகத்தின் பெயருக்குப் பதில் குழுமத்தின் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டும் இல்லாமல் ஏதோ ஒரு ஆள் சப்ளை கம்பெனியின் பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

ஒப்பந்தம் அரபியும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக இருக்கும். மகள் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம், தங்குமிடம், போக்குவரத்து, ஆண்டு விடுப்பு, விடுப்புக்கு டிக்கெட், நோட்டீஸ் காலம். இன்னொன்றும் உண்டு, பதவியின் பெயர். சவுதி சுகாதாரச் சிறப்புத் துறைகளுக்கான ஆணையம் பி.எஸ்சி. படித்தவரை நர்சிங் ஸ்பெஷலிஸ்ட் என்றும், டிப்ளமா படித்தவரை டெக்னீஷியன் என்றும் வகைப்படுத்துகிறது. ஒப்பந்தத்திலும் விசாவிலும் அந்த ஆணையத்தின் முமாரிஸ் பிளஸ் இணையப் பதிவிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே வந்த பிறகு லைசென்ஸ் வாங்கும்போது இழுக்கும்.

பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இங்கே சவுதியில் சட்டப்படி குற்றம். இகாமா என்கிற குடியிருப்பு அட்டை போடுவதற்காக வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கும்போதே எப்போது தருவீர்கள் என்று கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இ-மைக்ரேட்டில் ஏறுகிறது என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? இந்தப் பெண் இந்தச் சம்பளத்துக்கு இந்த முதலாளியிடம் போகிறாள் என்று நம் அரசின் பதிவில் ஒப்பந்தம் இருக்கிறது. நாளைக்குச் சம்பளம் குறைந்தால் ரியாத் தூதரகத்திலோ ஜித்தா துணைத் தூதரகத்திலோ போய் நிற்கும்போது கையில் பிடி இருக்கும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர் அந்தப் பிடியைத்தான் பறிக்கிறார். ஊரிலிருந்து நீங்கள் நம் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற இணையதளத்தில் புகார் போடலாம், அயலகத் தமிழர் நலத்துறையிலும் மனு கொடுக்கலாம்.

காப்பீட்டின் பெயர் பிரவாசி பாரதீய பீமா யோஜனா. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, வரி தனி. விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ என்றால் 10 லட்சம். அந்தத் தாளின் நகல் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் ஐயா, மகளின் பெட்டியில் மட்டும் இருந்தால் பயனில்லை. வாரிசுதாரர் பெயர் அவளே போட்டிருப்பாள், எழுத்து சரியாக இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள்.

மணப்பாறை அப்பா:

நன்றி அம்மா. இதை அச்சடித்து வைத்துக்கொள்கிறேன்.

குற்றாலச்சாரல்:

நிலவரம் சொல்கிறேன். டூப்ளிகேட் பட்டத்துக்கும் உண்மைத்தன்மைக்கும் மனு கொடுத்துவிட்டேன். சர்வீஸ் சர்டிஃபிகேட் கிடைத்துவிட்டது, அக்கா சொன்ன மாதிரி சூப்பரின்டென்டன்ட் மேடம் வழியாகத்தான் நடந்தது. எச்.ஆர். கொடுத்த முதல் தாளில் என் வார்டு பெயர் இல்லை, 'நர்ஸ்' என்று மட்டும் இருந்தது, முழுநேரம் என்றும் இல்லை. திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்கினேன். டேட்டாஃப்ளோவில் பல்கலையும் கவுன்சிலும் முடிந்துவிட்டன, மருத்துவமனைப் பதிலுக்குக் காத்திருக்கிறது.

இரண்டு சந்தேகம். போலீஸ் சான்று வேண்டுமா? தோழி ஒருத்தி கட்டாயம் என்கிறாள். மெடிக்கலுக்கு முன்னால் ஏதாவது தயாராக வேண்டுமா? எனக்குச் சின்ன வயதில் பிரைமரி காம்ப்ளக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய், வந்து மருந்து சாப்பிட்டதாக அம்மா சொல்கிறார், அதுதான் கவலையாக இருக்கிறது.

கன்னியாகுமரி காற்று:

போலீஸ் சான்று: 2022 நவம்பரில் சவுதித் தூதரகமே இந்தியர்களுக்கு விசாவுக்கு அது தேவையில்லை என்று அறிவித்துவிட்டது. உங்கள் தோழி அதற்கு முன்பு போனவராக இருப்பார். தேர்வுக் கடிதத்தில் வேலை தருபவர் தனியாகக் கேட்டிருந்தால் மட்டும் பாஸ்போர்ட் சேவை தளத்தில் 500 ரூபாய் கட்டி எடுங்கள்.

மெடிக்கல் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முன்பு காம்கா என்போம், இப்போது வாஃபித். தளத்தில் 10 டாலர் கட்டினால் எந்தப் பரிசோதனை மையம் என்று சீட்டு வரும், மையத்தின் கட்டணம் தனி. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார்கள். எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால், நோய் இப்போது இல்லாவிட்டாலும், அன்ஃபிட் போட்டுவிடுவார்கள். இது கொடுமை என்று எனக்கும் தோன்றுகிறது. ஊர் முழுக்க காசநோயாளிகளைத் தொட்டுப் பார்த்துக் கொண்டவள் நர்ஸ், குணமான தழும்புக்கு அவளைத் தள்ளுவதில் மருத்துவக் காரணம் பெரிதாக இல்லை. ஆனால் விதி அப்படி இருக்கிறது. ஒருமுறை அன்ஃபிட் என்று ஏறிவிட்டால் ஆறு வளைகுடா நாடுகளுக்கும் அது தெரியும்.

அதனால் வாஃபித் சீட்டு எடுப்பதற்கு முன்பு, நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்து நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். சிறு வயதில் மருந்து சாப்பிட்ட பலருக்கு எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருக்கும், பயத்தோடு உட்கார்ந்திருப்பதைவிடப் பார்த்துவிடுவது மேல். சளி, இருமல் இருக்கிற வாரத்தில் போகாதீர்கள். மாதவிடாய் நாட்களில் சிறுநீரில் இரத்தம் காட்டும், அந்தத் தேதியையும் தவிர்த்து எடுங்கள்.

குற்றாலச்சாரல்:

எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிட்டேன் அண்ணா, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அம்மா இப்போதுதான் சரியாகச் சாப்பிடுகிறார்.

மருத்துவமனைப் பதிலும் வந்து டேட்டாஃப்ளோ பாசிட்டிவ். புதுப் பட்டத்தில் அப்போஸ்டில் ஸ்டிக்கரும் ஒட்டி வந்துவிட்டது. இனி மெடிக்கல், விசா. ராஜினாமாவை மெடிக்கல் முடிந்ததும் கொடுத்துவிடலாமா? எங்கள் மருத்துவமனையில் நோட்டீஸ் காலம் நீளம், விசா வந்த பிறகு கொடுத்தால் பயணத் தேதி தாண்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அபஹா அக்கா:

உன் கணக்கு புரிகிறது, ஆனாலும் விசா வரட்டும். மெடிக்கலுக்கும் விசாவுக்கும் நடுவில் எவ்வளவோ நிற்கும். சென்னையில் சவுதி விசா விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் தஷீல் மையத்தில் கைரேகை கொடுத்து, விசா வந்து, அதில் உன் பெயர், பாஸ்போர்ட் எண், தொழில் மூன்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்த பிறகு கொடு. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் தேடாதே, 2023-லிருந்து க்யூஆர் கோடு போட்ட தனித்தாள்தான். நோட்டீஸ் காலம் நீளம் என்றால் அதற்குப் பதில் சம்பளத்தைக் கட்டி வெளியே வரும் வழி உன் நியமன ஆணையில் இருக்கும், அந்தப் பத்தியை இப்போதே எடுத்துப் படி. பயணத் தேதியைக் கொஞ்சம் தள்ளித் தருமாறு நிறுவனத்திடம் மெயிலில் கேட்கவும் செய். கேட்டுக் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு விசா தள்ளிப்போய், வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்குத்தான் அந்த ஒன்றரை லட்சக்காரர்கள் போன் செய்கிறார்கள். சம்பளம் வருகிற வரைக்கும் உன்னை யாரும் அவசரப்படுத்த முடியாது.

விசா வந்ததும் குடிபெயர்வு அனுமதி, காப்பீடு, புறப்படுமுன் தரும் பயிற்சி, டிக்கெட். இந்தப் பகுதி நிறுவனமே நகர்த்தும், நீ பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பயிற்சிக்கு வராமல் சமாளிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள், போ, நல்ல கேள்விகள் அங்கேதான் வரும்.

பெட்டி கட்டும்போது அம்மா மசாலா கட்டித் தருவார். கசகசா மட்டும் கூடாது, ஒரு ஸ்பூன் கூடக் கூடாது. குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் எடுத்து வைத்துவிடு. இங்கே அது போதைப்பொருள் கணக்கு. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாத்திரை எதுவும் வேண்டாம், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டோடு. அசல் சான்றிதழ் எல்லாம் கைப்பையில், செக்-இன் பெட்டியில் போடாதே. எந்த ஊர் போட்டிருக்கிறார்கள்? அபஹா பக்கம் என்றால் ஸ்வெட்டர் எடு, இது கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர், பாலைவனம் என்று நினைத்து வந்து முதல் குளிர்காலத்தில் எல்லோரும் நடுங்குகிறார்கள்.

புதுகை 98:

எனக்கும் டேட்டாஃப்ளோ மருத்துவமனைப் பதிலில்தான் நிற்கிறது. சாரல், உங்கள் சர்வீஸ் சர்டிஃபிகேட்டில் என்ன எழுதி வாங்கினீர்கள் என்று போட முடியுமா? எங்கள் எச்.ஆர். 'நீயே டைப் செய்து கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார்.

குற்றாலச்சாரல்:

தாராளமாக. லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், விஷயம் இதுதான்:

'பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், பாஸ்போர்ட் எண், கவுன்சில் பதிவு எண் உள்ள இவர், எங்கள் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக, சேர்ந்த தேதியிலிருந்து இன்று வரை, முழுநேரமாகப் பணிபுரிந்து வருகிறார். மருத்துவமனையின் மொத்தப் படுக்கைகள் இத்தனை, இப்பிரிவில் இத்தனை. இவரது பணியும் நடத்தையும் திருப்திகரமாக உள்ளன. சரிபார்ப்புக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர், அவர் பதவி, அலுவலகத் தொலைபேசி, மருத்துவமனை மின்னஞ்சல்.'

கீழே தேதி, கையெழுத்து, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, வட்ட சீல். சேர்ந்த தேதியை உங்கள் நியமன ஆணையோடும் பி.எஃப். பாஸ்புக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் வார்டில் இன்னொரு அக்காவுக்கு டிரெயினிங் மாதத்தைச் சேர்த்து ஒரு தேதி, சேர்க்காமல் ஒரு தேதி என்று இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருந்தது, கையெழுத்தாகும் முன்பே பார்த்ததால் மாற்ற முடிந்தது. பெயரில் இனிஷியல் விஷயம் உங்களுக்கும் இருந்தால் அபிடவிட்டில் எழுதிய அதே எழுத்துக்கூட்டலை இதிலும் போடுங்கள்.